பதினொன்றரை கேலன்

"ஒண்ணுக்குப் போகாம எத்தன மணி நேரம் தாங்குவீங்க?"

வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறவரிடம் அர்லிஸ் நோவாட்னி கேட்கும் முதல் கேள்வி இது. பேர் கேட்பதில்லை. வண்டி என்ன கம்பெனி, என்ன வேகம் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாத விவரம். வந்தவர் சிரித்தால், சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பாள். மூன்று மணி நேரம் என்று பதில் வந்தால், "அப்ப மூணு மணி நேரத்துக்கு மேல ஓடற டேங்க் உங்களுக்கு எதுக்கு? நீங்க எறங்கற எடத்துல வண்டியும் குடிச்சுக்கட்டும். போயிட்டு வாங்க" என்று வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொள்வாள். ஆறு என்றால் உள்ளே வரலாம். பத்து என்று பீற்றிக்கொள்கிறவரை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு டாக்டர்தான் வேணும், டேங்க் இல்ல" என்பாள்.

நார்த் ப்ளாட் ஊரில், ரயில் தண்டவாளங்களுக்குத் தெற்கே, இரண்டு தானியக் கிடங்குகளுக்கு நடுவில் அவளுடைய தகரக் கொட்டகை. வயது அறுபத்தாறு. ஒல்லி. ஆண்கள் போடும் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பாள். ரேடியோவில் காலை முழுக்கச் சோளத்தின் விலையும் மாட்டின் விலையும் ஓடிக்கொண்டிருக்கும். அவளுக்கு நிலமும் இல்லை, மாடும் இல்லை. "பாட்டு வச்சா கை பாட்டோட போயிடும். மாட்டு விலையோட எவளும் போகமாட்டா" என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறாள். மதியம் முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த ரன்சா ரொட்டி ஒன்றை நின்றபடியே தின்பாள். சூடு பண்ணுவதில்லை. பட்டறையில் இத்தனை நெருப்பை வைத்துக்கொண்டு ஏன் ஆறிய ரொட்டி என்று யாராவது கேட்டால், "நெருப்பு வேலைக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

ஒரே நாளில் ஆயிரம் மைல் ஓட்டிவிட்டு அதை விடுமுறை என்று சொல்கிற கூட்டம் ஒன்று இந்த நாட்டில் உண்டு. அவர்களுக்குக் கோடைதோறும் பதினோரு நாள் போட்டி. பெட்ரோலுக்கு ஒருமுறை நின்றால் பத்து நிமிடம் போச்சு. அப்படிப் பத்து முறை போனால் பரிசு போச்சு. அதனால் பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஐந்து கேலன், அதாவது சுமார் பத்தொன்பது லிட்டர், பிடிக்கும் ஓர் அலுமினியப் பெட்டியை உட்கார வைப்பார்கள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முன் டேங்க்குக்கு இறங்கும். வழியில் ஒரு வால்வு. முன் டேங்க் பாதி காலியானதும் ஓட்டுகிறவர் கையைப் பின்னால் விட்டு வால்வைத் திறந்தால், பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடும். இரண்டும் சேர்ந்து பதினொன்றரை கேலனுக்கு மேல் போகக்கூடாது என்பது போட்டியின் சட்டம். ஒரு கரண்டி கூடினாலும் ஆள் வெளியே. அர்லிஸின் பெட்டிகள் ஒரு கரண்டி கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

பெட்டிக்குள் குறுக்கே இரண்டு தடுப்புச் சுவர் வைப்பாள். சிலர் எடை கூடும், வேண்டாம் என்பார்கள். "பாதி நெறஞ்ச டேங்க் குடிகாரன் மாதிரி. வளைவுல எந்தப் பக்கம் சாயப்போறான்னு அவனுக்கே தெரியாது. நடுவுல ரெண்டு சுவர் இருந்தாத்தான் அடங்கி உக்காருவான்." சுவர் வேண்டாம் என்று மறுபடியும் சொன்னால், செய்து தரமாட்டாள்.

இந்த வேலையை அவள் தொடங்கியது கணவன் லைலுக்காக. ரயில்வேயில் என்ஜின் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன் லைல். நல்ல உயரம், அதைவிட நல்ல சிரிப்பு. இருபது ஆண்டுகள் அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு அர்லிஸும் பின் சீட்டில் ஊர் ஊராகப் போயிருக்கிறாள். போட்டியில் ஓடவேண்டும் என்ற ஆசை அவனுக்கு ஓய்வுக்குப் பிறகு வந்தது. தீவனத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டு அலுமினிய வெல்டிங் செய்த கை அவளுடையது. அவனுக்கு ஒரு பெட்டி செய்து தந்தாள். பின் சீட்டைக் கழற்றியதும் அவள்தான். "என் எடத்த நானே கழட்டி, என் கையாலேயே அடைச்சேன். அதுவும் ஒரு சொட்டு ஒழுகாம" என்று இப்போது சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இருக்காது. பெட்டியின் அளவைச் சொல்கிற குரல்தான்.

முதல் வருடமே லைல் நான்காவதாக வந்தான். அந்தப் பெட்டி யார் செய்தது என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரே குளிர்காலத்தில் பன்னிரண்டு மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அர்லிஸ் தொழிற்சாலையை விட்டுவிட்டுக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள்.

அவன் வண்டியில் பெட்ரோல் முள் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. லைல் மாற்றவில்லை. கேலனுக்கு நாற்பத்து நான்கு மைல், பதினொன்றரை கேலனுக்கு ஐந்நூற்றுச் சொச்சம். மைல் மீட்டரைப் பார்த்தே ஓட்டுவான். அர்லிஸ் நிரப்பினால் அளவு பிசகாது என்பதால் முள் எதற்கு என்பான். வியாழக்கிழமை தோறும் விடிந்ததும் அவள் இரண்டு டேங்க்கையும் நிரப்பித் தருவாள். அவன் பயிற்சிக்கு என்று கிளம்பிப் போய்ப் பொழுது சாயத் திரும்புவான். திரும்பியதும் அவள் மைல் மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள். பெட்டி கடைசிச் சொட்டுவரை இறங்குகிறதா என்று பார்ப்பதற்கான கணக்கு அது. வேறெதற்கும் அவள் அந்த நோட்டைத் தொடங்கவில்லை.

முதல் வியாழன் நானூற்று அறுபத்து நான்கு மைல். அடுத்த வியாழன் நானூற்று அறுபத்து நான்கு. ஒரு வாரம் விட்டு, நானூற்று அறுபத்தைந்து. பிறகு மறுபடி நான்கு.

"இன்னைக்கு எங்க போன?"

"சும்மா. காத்து அடிச்ச பக்கம்."

காற்று அடித்த பக்கம் போகிறவன் ஒரு நாள் முந்நூறு மைல் போவான், ஒரு நாள் ஐந்நூறு போவான். ஒரே எண்ணைக் கொண்டுவருகிற காற்று எந்த ஊரிலும் இல்லை. நானூற்று அறுபத்து நான்கில் பாதி இருநூற்று முப்பத்திரண்டு. அந்தத் தொலைவில் எங்கேயோ ஒரு வாசல் இருக்கிறது. பழைய டேங்க் மட்டும் இருந்திருந்தால் அவன் நடுவில் எங்காவது நின்று நிரப்பியே ஆகவேண்டும். இந்தப் பக்கத்துப் பெட்ரோல் கடைகளில் நோவாட்னி வீட்டு வண்டியைத் தெரியாதவர் இல்லை. சேதி அவனுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருக்கும். எங்கும் நிற்காமல் போய்வர வழி செய்து தந்தது யார் என்று யோசித்தபோது, அவள் கையில் இருந்த நோட்டை மூடிவிட்டாள்.

கேட்கவில்லை. அவள் கேட்கிற பெண் இல்லை. அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பெட்டியில் இரண்டு கேலன் குறைத்து ஊற்றினாள்.

கணக்கு அவளுக்கு மனப்பாடம். நானூற்றுப் பதினெட்டு மைலில் வண்டி நின்றுவிடும். அங்கிருந்து வீடு நாற்பத்தாறு மைல். வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் செய்வான். எங்கே நிற்கிறேன் என்று அவன் வாயாலேயே சொல்லவேண்டிவரும். எந்தத் திசை என்று தெரிந்துவிடும். அவள் வேனை எடுத்துக்கொண்டு போவாள். திரும்பி வருகிற நாற்பத்தாறு மைலில் அவன் பேசித்தான் ஆகவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான்கு மணியிலிருந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வண்டி நின்றது ஆர்தருக்கும் டிரையனுக்கும் நடுவே, மணல்குன்றுகளில். அங்கே சிக்னல் கிடையாது. லைல் இரண்டு மைல் நடந்து ஒரு மாட்டுப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினான். அங்கே போன் இருந்தது. நாற்பத்தாறு மைலில் இருந்த அர்லிஸை அவன் கூப்பிடவில்லை. நூற்றெண்பத்தாறு மைல் தள்ளி, சாட்ரன் ஊரில் இருந்த மார்லாவைக் கூப்பிட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பிக்கப் வண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றது. பின்னால் லைலின் பைக் கட்டியிருந்தது. ஓட்டி வந்தவள் ஐம்பது வயதுப் பெண், கால்நடை ஆஸ்பத்திரிச் சட்டை, அதில் நாய்முடி. பக்கத்தில் லைல். அவள்தான் முதலில் இறங்கினாள்.

"நீங்கதானே அந்த வெல்டர் அம்மா? நான் மார்லா. லைலோட டேங்க் வழியில ஒழுகிடுச்சாம். நீங்க செஞ்சதுன்னு சொன்னார். அப்புறம் பாத்துக்கலாம்னார், நான்தான் கேக்காம கொண்டாந்தேன். கொஞ்சம் பாருங்களேன், இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா குளிர்ல செத்தே போயிருப்பார்."

அர்லிஸ் லைலைப் பார்த்தாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற என்ன சொன்னார் என்னப் பத்தி?"

"உங்களப் பத்தியா? ஒண்ணும் இல்லையே." மார்லா ஒரு முறை அவனையும் ஒரு முறை இவளையும் பார்த்தாள். "நல்ல வெல்டர்னு சொல்வார். இது எப்பவாவது நடக்கறதுதான்னார்."

அவன் அவளிடம், பெண்டாட்டியோடு பிரிந்து பல வருடம் ஆகிறது என்று சொல்லி வைத்திருந்தான். அந்தப் பெண்டாட்டி இவள்தான் என்று மார்லாவுக்குத் தெரிய அந்த வாசலில் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்தில் யாரும் சத்தம் போடவில்லை. மார்லா அழுதாள். பிறகு எப்படியோ, அந்த மாதத்திலேயே, லைல் இரண்டு பைகளோடு சாட்ரனுக்குப் போய்விட்டான்.

அர்லிஸ் சொல்கிறாள்: "அவன் போனது ஒரு கணக்கு. அத நான் போட்டுட்டேன். ஆனா அந்த டேங்க்க ஒழுகுச்சுன்னான் பாரு."

லைலுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என்ஜினோடு முப்பது வருடம் புழங்கியவன். ஒழுகியிருந்தால் பெட்டியின் அடியில் கறை இருக்கும், சீட்டில் நாற்றம் இருக்கும். அன்று பெட்டி உள்ளும் புறமும் காய்ந்து கிடந்தது. குறைத்து ஊற்றியிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துதான் இருக்கும். ஆனால் குறைத்து ஊற்றினாள் என்றால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். ஒழுகிற்று என்றால் எந்தக் கேள்வியும் வராது. போட்டிக்காரர்கள் சேதி பரிமாறிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினான்: பின் டேங்க்கில் கசிவு, மணல்குன்றில் இரண்டு கேலன் போச்சு, நல்லவேளை தீப்பிடிக்கவில்லை.

அந்த வாரம் மூன்று பேர் சொன்ன வேலையை நிறுத்தச் சொன்னார்கள். ஒருவர் மரியாதையாக, "இந்த வருஷம் போட்டிக்கு வரலைம்மா" என்றார். அவர் போட்டிக்கு வந்தார்.

எட்டு மாதம் அர்லிஸ் வாயைத் திறக்கவில்லை. இருந்தது இரண்டே வழி. கை தவறின வெல்டர் என்ற பேரோடு இருக்கலாம். அல்லது வாயைத் திறந்து, புருஷன் எங்கே போகிறான் என்று பார்க்கப் பெட்ரோலில் கைவைத்தவள் என்று ஊர் முன்னால் நிற்கலாம். பழைய பெட்டிகள் பழுதுக்கு வரும்போதெல்லாம் வெல்டிங் தையல்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றிலும் குறையில்லை. குறை இல்லாததே அவளை அரித்தது.

ஜூன் மாதம் டென்வரில், போட்டி தொடங்குமுன் வண்டிகளைச் சோதிக்கும் நாள். ஒரு ஹோட்டலின் வண்டி நிறுத்துமிடத்தில் நூறு பைக்குகள். சோதனை அதிகாரி ஆரின் ப்ளேக், அர்லிஸை அவள் கொட்டகை எடுத்த நாளிலிருந்து தெரிந்தவர். அவள் செய்த பெட்டி என்றால் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஆளை அனுப்பிவிடுவார். அந்த வருடம் அவளுடைய ஆறு பெட்டிகளுக்கு அடியிலும் வெள்ளைக் காகிதம் விரித்து, ஓட்டுகிறவர்களை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தார்.

"தப்பா நெனச்சுக்காத அர்லிஸ். லைல் எழுதினத எல்லாரும் படிச்சிருக்காங்க."

"ஆறும் காஞ்சு கெடக்கு."

"இன்னைக்குக் காஞ்சு கெடக்கு" என்றார் ஆரின்.

அந்த 'இன்னைக்கு'தான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"அந்த டேங்க் ஒழுகல, ஆரின். நான்தான் ரெண்டு கேலன் கொறச்சு ஊத்தினேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள்.

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

"மணல்குன்றுல. முள் செத்த வண்டியில."

"ஆமா."

ஆரின் குனிந்து ஆறு காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். ஏன் என்று கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான் அவள் எட்டு மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தயாராக வைத்திருந்தாள். கூட்டத்தில் ஒரு பெண், அர்லிஸின் பெட்டி பொருத்தியவள், தன் வண்டியைத் தட்டிக்கொண்டே, "என்னுது அளவு சரிதானே? இல்ல, நானும் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நாலு வண்டி தள்ளி லைல் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். தலை நிமிரவில்லை.

அதன் பிறகு நடந்ததை அவள் இப்படிச் சொல்கிறாள்: "பாதிப் பேர் நம்பல. புருஷன் போன ஆத்திரத்துல, வெல்டிங் பேரக் காப்பாத்திக்க கத கட்டறாள்னாங்க. மீதிப் பேர் நம்பினாங்க. நம்பினவங்கதான் வர்றதே இல்ல." கை தவறினவளை அந்தக் கூட்டம் என்றாவது மன்னித்திருக்கும். நூறு மைலுக்கு ஓர் ஆள் தென்படாத சாலைகளில் ஓடுகிறவர்கள், பெட்ரோலைக் குறைத்தவளை மன்னிக்கமாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று அர்லிஸும் சொல்வதில்லை. "நான் ஓட்டறவளா இருந்தா நானும் வரமாட்டேன்" என்கிறாள்.

இப்போது வருடத்துக்கு நாலைந்து பெட்டி. வருகிறவர்கள் கதை தெரியாத புதியவர்கள். மற்ற நாட்களில் மருந்து தெளிக்கிற டிராக்டர்களுக்குத் தொட்டி, படகுக்கு ஏணி, பள்ளிக்கூடத்துக்குக் கொடிக்கம்பத்தின் அடித்தட்டு. பெட்டிகளின் மூலையில் முன்பெல்லாம் தன் பேரின் இரண்டு எழுத்தைப் பொறிப்பாள். இப்போது பொறிப்பதில்லை.

போன ஏப்ரலில் ஒரு மதியம் அதே பிக்கப் வந்தது. மார்லா தனியாக இறங்கினாள். தலை நரைத்திருந்தது. ஒரு போர்வையில் சுற்றிய பொருளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ரன்சாவைக் கடித்த வாயோடு அர்லிஸ் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வண்டிய வித்தாச்சு. வாங்கினவர் பொண்டாட்டிய ஏத்திட்டுப் போகணும்னு இத வேண்டாம்னுட்டார். தூக்கிப் போட மனசு வரல."

"லைல்?"

"ரெண்டு வருஷமாச்சு பக்கவாதம் வந்து. வலது பக்கம் பூரா போச்சு. பேச்சும் போச்சு." மார்லா போர்வையை மெல்லப் பிரித்தாள். "ஒரே ஒரு வார்த்ததான் மிச்சம். எதக் கேட்டாலும் 'சரி'."

மேசைமேல் லைலின் பழைய பெட்டி மங்கிப்போய் இருந்தது. ஒரு பக்கத்தில் கல் பட்ட தழும்பு.

"அர்லிஸ், நான் அவர்கிட்டக் கேட்டேன். அன்னைக்கு டேங்க் ஒழுகுச்சான்னு. சரின்னார். ஒழுகலையான்னேன். அதுக்கும் சரின்னார்." மார்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க டென்வர்ல சொன்னத நான் நம்பல அப்ப. இப்ப என்ன நம்பறதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சாகணும். பதினோரு வருஷம் அவரோட இருந்துட்டேன்."

அர்லிஸ் ரொட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்தாள். கையைத் துடைத்தாள். பெட்டியைத் தொட்டியில் போட்டு, சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு மூன்று முறை அலசினாள். உள்ளே தங்கியிருக்கக்கூடிய ஆவி போகக் குழாயால் தீப்பிடிக்காத வெல்டிங் வாயுவை அடித்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு ரம்பத்தை எடுத்தாள்.

"அறுக்கறீங்களா? நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்குன்னு வெளிய இருந்து எப்படித் தெரியும்?"

கொட்டகை முழுக்க ரம்பத்தின் ஓலம். மார்லா காதைப் பொத்திக்கொண்டாள். மேல் தகடு நான்கு பக்கமும் அறுபட்டுக் கழன்று வந்தது. அர்லிஸ் உடனே காட்டவில்லை. அரத்தை எடுத்து, அறுத்த விளிம்பைச் சுற்றிலும் ராவினாள். கையை வைத்தால் கிழிக்காது என்று ஆகும்வரை பொறுமையாக ராவினாள். பிசிரை ஊதித் தள்ளினாள்.

வெளிப்பக்கம் எவ்வளவு மங்கியிருந்ததோ, உள்ளே அவ்வளவு வெளிச்சம். இரண்டு தடுப்புச் சுவர்களும் நட்ட நிலையிலேயே நின்றன. மூலைகளில் தையல் மீன்செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, ஒரே அளவில், ஓரிடத்திலும் அறாமல் ஓடிற்று.

"தெரியுது" என்றாள் மார்லா மெதுவாக. "போதும், தெரியுது."

அர்லிஸ் அவளுடைய வலது கையைப் பிடித்தாள். ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்தெடுத்து, பெட்டிக்குள் விட்டு, முதல் மூலையில் வைத்தாள். தையலின்மேல் மெல்ல இழுத்தாள். அடி முழுக்க, பிறகு இரண்டாவது மூலை, சுவரின் ஓரம், மூன்றாவது மூலை. மார்லா அழுகையில் குலுங்கியபோதும் விரல் தையலைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டாள். நான்காவது மூலையும் முடிந்தது. அர்லிஸ் பிடியை விடவில்லை. விரலை மறுபடி முதல் மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.